உடன்படிக்கையில் சிப்பெவா, பேச்சில் அனிஷினாபே: உரிமை எந்தப் பெயரில் நிற்கிறது? எந்தப் பெயரை எழுதுவது?

குறிப்பேடு

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் வாழும் ஓஜிப்வே மக்களைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று தமிழில் தயாராகிறது. விஸ்கான்சின் மீன்பிடி வழக்குகள்தான் அதன் மையம். மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது பெயர். தீர்ப்புகளில் சிப்பெவா, செய்திகளில் ஓஜிப்வே, அவர்களே எழுதுவதில் அனிஷினாபே என்று இருக்கிறது. நம் பழைய பாடநூல்களில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே "செவ்விந்தியர்". கட்டுரைத் தலைப்பில் எதை வைப்பது?

அடுத்தது, உடன்படிக்கை உரிமையைத் தமிழில் "சிறப்புச் சலுகை" என்று எழுதலாமா? ஏற்கெனவே உள்ள வரைவில் அப்படித்தான் இருக்கிறது.

கடைசியாக, ஒரு ஏரியில் எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதை யார், எப்படிக் கணக்கிடுகிறார்கள்? "வரம்பில்லாமல் பிடிக்கிறார்கள்" என்று ஒரு வரி வரைவில் கிடக்கிறது. அது சரியில்லை என்று தோன்றுகிறது. மாற்றி எழுத விவரம் தேவை.

பட்டாதாரர்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். அது தெளிந்தால் மற்றவை எளிது.

"சலுகை" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். ஊரில் நிலம் விற்கும்போது கிணற்றுப் பங்கையும் தடப் பாத்தியதையையும் விற்பவர் தனக்கென வைத்துக்கொண்டு கிரயம் எழுதிக் கொடுப்பதுண்டு. பிறகு அவர் அந்தத் தடத்தில் நடந்து போனால், வாங்கியவர் போட்ட பிச்சையில் நடக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஓஜிப்வே மக்கள் அமெரிக்க அரசோடு செய்த 1837, 1842 உடன்படிக்கைகளின் அமைப்பும் இதுதான். நிலத்தைக் கொடுத்தார்கள், அதில் வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டரிசி சேகரிக்கவும் இருந்த அனுபவ உரிமையைக் கொடுக்கவில்லை. இந்தக் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் வைனன்ஸ் வழக்கில் வரையறுத்தது. உடன்படிக்கை என்பது பழங்குடிகளுக்கு உரிமை வழங்கிய ஆவணம் ஆகாது, அவர்களிடமிருந்து உரிமை பெற்ற ஆவணம் என்பது அதன் சாரம். எழுதிக் கொடுக்காதது அவர்களிடமே இருக்கிறது.

இதன் மேல் மூன்று விளக்க விதிகள் உண்டு. ஐயம் வரும் சொல்லைப் பழங்குடிகளுக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும். கையெழுத்திட்ட அன்று அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்களோ அப்படிப் படிக்க வேண்டும். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஓர் உரிமையை நீக்க நினைத்தால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி விதியில் ஒரு கசப்பும் இருக்கிறது: தெளிவாகச் சொன்னால் நீக்கிவிட முடியும். 1903ஆம் ஆண்டு லோன் உல்ஃப் தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்துவைத்தது, இன்றுவரை யாரும் மூடவில்லை. இறையாண்மை என்று எழுதும்போது இந்த வரம்பையும் எழுதுங்கள். 1831இல் தலைமை நீதிபதி மார்ஷல் போட்ட பெயர் "உள்நாட்டுச் சார்பு தேசங்கள்". தேசம்தான், ஆனால் சார்பு தேசம். அந்த முரணிலேயே இருநூறு ஆண்டு வழக்கும் ஓடுகிறது.

அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு உடன்படிக்கைகளை நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. 1871இல் காங்கிரஸ் புதிய உடன்படிக்கை செய்வதை நிறுத்தியது. அந்தச் சட்டத்திலேயே, அதுவரை செய்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்ற வாசகம் இருக்கிறது. "1871இல் உடன்படிக்கைகள் ரத்தாயின" என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் அந்தப் பிழை வர வேண்டாம்.

தூண்டில்காரர்

சட்டம் புரியுது. நடைமுறைதான் இடிக்குது. வாலாய் மீன் முட்டை போடக் கரைக்கு வர்ற நேரம் பார்த்து, ராத்திரியில விளக்கடிச்சு ஈட்டியில குத்துறாங்க. அந்த நேரத்துல தூண்டில் போடறவங்களுக்கு அனுமதியே கிடையாது. முட்டையோட மீனைக் குத்தினா ஏரி என்னத்துக்கு ஆகும்? இதைக் கேட்டா உடனே இனவெறின்னு சொல்லிடறாங்க. கேள்வி மீனைப் பத்தினது.

வடஏரி

கேள்வி நியாயமானது. விடையும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் நீளம். (நம் ஊர் வாளை வேறு, இது வேறு, கட்டுரையில் "வாலாய்" என்றே எழுதுங்கள். ஓஜிப்வே மொழியில் ஓகா.)

பருவம்: பனிக்கட்டி கரைந்ததும், ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை. நீர் ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரி செல்சியஸுக்கு வரும்போது மீன் கூழாங்கல் கரைக்கு வரும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. விளக்கொளியில் கண் மின்னும். அந்தக் காலத்தில் தீப்பந்தம், இப்போது தலைவிளக்கு. முட்டையிடும் திடலில் ஆண் மீன் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும், பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதனால் ஈட்டியில் மாட்டுவதில் மிகப் பெரும்பங்கு ஆண் மீன்தான்.

இனி கணக்கு. ஏரியில் உள்ள வளர்ந்த வாலாய் மீன்களில் ஓர் ஆண்டில் எல்லாரும் சேர்ந்து எடுப்பது 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எண்ணிக்கையே மதிப்பீடுதான் என்பதால், அந்த 35ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு 40இல் 1க்கு மேல் போகாதபடி அளவைக் குறைத்து வைக்கிறார்கள். "பாதுகாப்பான பிடிப்பு" என்பது இந்தக் குறைத்த எண்.

மதிப்பீடு எடுக்கும் முறை: பனி உடைந்தவுடன் கூண்டுவலை போட்டுப் பிடித்து, துடுப்பின் ஓரத்தைக் கத்தரித்து அடையாளமிட்டு விடுவார்கள். சில நாள் கழித்து இரவில் மின்சாரம் பாய்ச்சும் படகில் கரையைச் சுற்றி வந்து மீண்டும் பிடித்து, எத்தனைக்கு எத்தனை அடையாளம் உள்ளவை என்று பார்ப்பார்கள். ஒவ்வோர் ஏரியிலும் ஆண்டுதோறும் இதைச் செய்யக் கட்டுப்படியாகாது. கணக்கெடுப்பு புதிதாக இருந்தால் அந்த எண்ணையே அடிப்படையாக வைப்பார்கள். பழையதாக இருந்தால் இன்னும் அதிகம் கழித்துக்கொள்வார்கள். கணக்கெடுப்பே இல்லாத ஏரிக்குப் பரப்பளவை வைத்து ஒரு சூத்திரம் உண்டு. அதில் கழிவு எல்லாவற்றையும்விட அதிகம். தரவு மோசமாக இருந்தால் மீனுக்கு லாபம், மனிதருக்கு நட்டம். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

விஸ்கான்சினில் ஆறு ஓஜிப்வே குழுக்களும் மார்ச் 15க்குள் எந்த ஏரியில் எத்தனை என்று அறிவிக்க வேண்டும். பிறகு இரவுக்கு இரவு, ஏரிக்கு ஏரி, ஆளுக்கு ஆள் அனுமதிச்சீட்டு. குறிப்பிட்ட படகுத்துறையில்தான் கரையேற வேண்டும். அங்கே எழுத்தர் நின்று ஒவ்வொரு மீனையும் எண்ணி, நீளம் அளந்து, ஆணா பெண்ணா என்று குறிப்பார். ஒரு சீட்டுக்கு 20 அங்குலத்துக்கு மேல் இரண்டே மீன்: ஒன்று 20க்கும் 24க்கும் இடையில், இன்னொன்று எந்த அளவானாலும். பெரிய பெண் மீனைக் காப்பதற்கான விதி இது. அன்றைய எண்ணிக்கையைக் கழித்துத்தான் அடுத்த இரவுக்குச் சீட்டு. அறிவித்த எண் முடிந்தால் ஏரி மூடப்படும்.

தூண்டில் மீன்பிடியில் இப்படித் தலை எண்ணுவதில்லை. மாதிரிக் கணக்கெடுப்பும் மதிப்பீடும்தான். "வரம்பில்லாமல்" என்ற வரியை நீக்கிவிட்டு, அந்த ஏரிகளில் மீன் மீனாக எண்ணப்படுவது ஈட்டிப் பிடிப்புதான் என்று எழுதுங்கள்.

தூண்டில்காரர்

40இல் 1 கணக்கு இதுவரை யாரும் இப்படிச் சொல்லலை. சரி, ஒத்துக்கிறேன். ஆனா மினசோட்டாவுல மில் லாக்ஸ் ஏரி? 2015இல் கோடையிலேயே தூண்டில் பருவத்தை மூடினாங்க. அங்கயும் ரெண்டு தரப்புக்கும் பங்கீடு உண்டே. அங்க கணக்கு ஏன் தப்பாச்சு?

வடஏரி

அங்கே அடிபட்டது குஞ்சுகள். அந்த ஆண்டுக்கான மொத்த அளவு 40,000 பவுண்டு: மாநிலத்துக்கு 28,600, எட்டு ஓஜிப்வே குழுக்களுக்கும் சேர்த்து 11,400. தூண்டில் பக்கம் அளவைத் தாண்டியதால் ஆகஸ்டில் மூடினார்கள். முட்டையும் பொரித்தது, குஞ்சும் வந்தது. ஆனால் குஞ்சுகள் வளர்ந்த மீனாகும் வரை பிழைக்கவில்லை. நீர் தெளிந்துபோனது, வரிக்குதிரைச் சிப்பியும் முள்வால் நீர்ப்பூச்சியும் நுழைந்தன, பெரிய மீன் சின்ன மீனைத் தின்றது. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. பங்கீடு சரியாக இருந்தும் ஏரி மாறிவிட்டால் பங்கிட ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சேருங்கள்: பாதரசம். உரிமை உறுதியான பிறகும், எந்த ஏரி மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று நிற வரைபடம் போட்டுத் தர வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கும் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் தனி வரைபடம். இதைச் செய்வது குழுக்களின் சொந்த அமைப்பான பெரிய ஏரிகள் இந்திய மீன், வனவிலங்கு ஆணையம். 1984இல் தொடங்கியது, தலைமையகம் பேட் ரிவர் குழுவின் ஒதுக்குநிலத்தில் (பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) உள்ள ஓடானா. உறுப்பினர் குழுக்கள் 11. அதற்கென உயிரியலாளர்கள், காவலர்கள் எல்லாம் உண்டு. ஒதுக்குநிலத்துக்கு வெளியே ஓர் உறுப்பினர் அளவை மீறினால், அந்தக் காவலர் எழுதும் வழக்கு பழங்குடி நீதிமன்றத்துக்குப் போகும். இறையாண்மை என்றால் கொடியும் பாட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த அபராதச் சீட்டைத்தான் காட்ட வேண்டும்.

பட்டாதாரர்

காலவரிசை, கட்டுரைக்காக.

1974 மார்ச்: லாக் கூர்ட் ஓரெய் குழுவின் (உள்ளூர் உச்சரிப்பு லகூடரே) இரண்டு சகோதரர்கள் ஒதுக்குநில எல்லைக்கு வெளியே பனிக்கட்டியைத் துளைத்து ஈட்டியால் மீன் குத்தியதாக மாநிலம் வழக்குப் போட்டது. 1983 ஜனவரி 25: ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமை உயிரோடு இருக்கிறது என்றது; வாய்ட் தீர்ப்பு என்று இதைத்தான் சொல்வார்கள். வாய்ட் என்பது எதிர்த்தரப்பாகச் சேர்க்கப்பட்ட மாநில இயற்கைவளத் துறைச் செயலரின் பெயர். அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதற்குப் பிறகு எட்டு ஆண்டு அளவு, பங்கு, முறை பற்றிய வழக்குகள். நீதிபதி பார்பரா க்ராப் பிடிக்கத்தக்க வளத்தைப் பழங்குடிகளுக்கும் மற்றவர்களுக்கும் சமபங்காக்கினார். வணிக மரம்வெட்டு உடன்படிக்கை உரிமைக்குள் வராது என்றும் தீர்ப்பளித்தார். எல்லாமே குழுக்களுக்குச் சாதகமாகப் போகவில்லை என்பதற்கு இது சான்று. 1991இல் இரு தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை.

1987 தொடங்கிச் சில வசந்த காலங்களில் படகுத்துறைகளில் கும்பல் கூடிக் கல்லெறிந்தது, வசைபாடியது. தூண்டில்காரர் சொன்னதற்காகச் சொல்கிறேன்: மீனைப் பற்றிய கேள்வியும் அந்தக் கூட்டத்தில் இருந்தது, ஆனால் அங்கே எழுந்த கோஷங்கள் மீனைப் பற்றியவை அல்ல. 1991இல் நீதிமன்றம் ஓர் எதிர்ப்புக் குழுவுக்குத் தடையாணை பிறப்பித்த பிறகே படகுத்துறைகள் அடங்கின.

தூண்டில்காரர்

ஒரே ஒரு கேள்வி மிச்சம். 1837 உடன்படிக்கையின் 5ஆம் பிரிவுல "குடியரசுத் தலைவர் விரும்பும் வரை"ன்னுதானே போட்டிருக்கு? 1850இல் டெய்லர் ஆணை போட்டு முடிச்சிட்டாரே. அப்புறம் என்ன பாக்கி?

பட்டாதாரர்

மினசோட்டா மாநிலத்தின் வாதமும் இதுவே. 1999 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிராகரித்தது. நீதிபதி ஓ'கானர் எழுதிய தீர்ப்பு. விவரம் இப்படிப் போகிறது.

டெய்லரின் ஆணை இரண்டு செய்தது: உரிமையை நீக்கியது, மக்களை மிசிசிப்பிக்கு மேற்கே பெயரச் சொன்னது. பெயர்க்க அவருக்கு அதிகாரம் எங்கிருந்து? 1830ஆம் ஆண்டு அகற்றல் சட்டம் சம்மதத்தின் பேரில் நிலமாற்றத்தைத்தான் அனுமதித்தது. 1837 உடன்படிக்கையில் பெயர்ப்பு பற்றி ஒரு சொல் இல்லை. ஆக அந்தப் பகுதி செல்லாது. உரிமை நீக்கம் அந்தப் பெயர்ப்போடு பிரிக்க முடியாதபடி பின்னப்பட்டது, அதனால் அதுவும் சேர்ந்து விழுந்தது. 1855 உடன்படிக்கையில் எல்லா உரிமையும் நிலமும் விட்டுக்கொடுத்ததாகப் பொதுவான வாசகம் உண்டு. ஆனால் வேட்டை, மீன்பிடி என்று பெயர் சொல்லி எழுதவில்லை. மற்ற உடன்படிக்கைகளில் பெயர் சொல்லி எழுதத் தெரிந்த அரசு இதில் எழுதவில்லை என்றால், அது வாங்கப்படவில்லை என்று பொருள். 1858இல் மினசோட்டா மாநிலமானதாலும் உரிமை போகவில்லை.

1837 பேச்சுவார்த்தைக் குறிப்பேடு இந்த வழக்கில் முக்கியச் சான்று. ஸ்னெல்லிங் கோட்டைப் பக்கம் ஆளுநர் டாட்ஜ் நடத்திய பேச்சு. ஒரு தலைவர் மரத்தையும் இலையையும் வைத்துச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எப்படியோ பெயர்க்க, எழுதிக்கொண்டிருந்த செயலர், இது பொருளற்றது, மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேலைக்குத் தகுதியற்றவர்கள், வேட்டை, மீன்பிடி, மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் உரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் போலும் என்று ஓரத்தில் குறித்துவைத்தார். அலட்சியமாக எழுதிய அந்த வரி, அவர்கள் என்ன புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்கள் என்பதற்கு 160 ஆண்டு கழித்துச் சான்றானது.

1850 ஆணையின் விளைவையும் விட்டுவிடாதீர்கள். உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் தரும் தொகையை வழங்கும் இடத்தை விஸ்கான்சினிலிருந்து மினசோட்டாவின் சாண்டி லேக்குக்கு மாற்றினார்கள். அக்டோபரில் வரச் சொல்லிவிட்டு டிசம்பர் தொடக்கம் வரை இழுத்தடித்தார்கள். கெட்டுப்போன உணவு, நோய், கடுங்குளிர். அங்கேயும் திரும்பும் வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். 1852இல் தொண்ணூறு வயதைக் கடந்த தலைவர் கெச்சேவைஷ்கே (ஆங்கிலத்தில் பஃபலோ என்ற பெயர்) வாஷிங்டன் போய்க் குடியரசுத் தலைவர் ஃபில்மோரைச் சந்தித்த பிறகே ஆணை கைவிடப்பட்டது. 1854 லா பாயிண்ட் உடன்படிக்கையில் நிரந்தர ஒதுக்குநிலங்கள் வந்தன.

ஒலிக்குறி

இனிப் பெயருக்கு வரலாம். குறிப்பேடு கேட்ட மூன்றும் ஒரே தளத்தில் நிற்கும் பெயர்கள் கிடையாது. குழப்பமே அங்கேதான்.

அனிஷினாபே என்பது பெரிய வட்டம். ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாடமி முதலியோர் அதற்குள் வருவார்கள். ஓஜிப்வே அதில் ஒரு மக்கள். சிப்பெவா என்பது அதே ஓஜிப்வே என்ற சொல் வெள்ளையர் காதில் விழுந்த இன்னொரு வடிவம், 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் உறைந்துவிட்டது. அனிஷினாபேக் என்று கடைசியில் க் வந்தால் அது பன்மை. "அனிஷினாபேக்குகள்" என்று எழுதினால் இரட்டைப் பன்மை ஆகிவிடும். "அனிஷினாபே மக்கள்" போதும்.

குழுக்களின் ஊர்ப்பெயர்களும் இப்படித்தான். லாக் டு ஃப்ளாம்போ என்பது பிரெஞ்சுக்காரர் வைத்தது. அவர்கள் மொழியில் வாஸ்வாகனிங். இரண்டுமே தீப்பந்தம் வைத்து இரவில் மீன் குத்துவதைச் சொல்கின்றன. நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்த வழக்கம் ஊர்ப்பெயரிலேயே இருந்திருக்கிறது. பேட் ரிவர் மஷ்கீசீபி. ரெட் கிளிஃப் மிஸ்க்வாபிகாங். முதல் முறை வரும்போது இரண்டும், பிறகு அந்தக் குழுவே அன்றாடம் எழுதும் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"செவ்விந்தியர்" வேண்டாம். தோல் நிறத்தை வைத்து இட்ட பெயர், அதுவும் வெளியார் இட்டது. ஆனால் "இந்தியர்" என்ற சொல்லை எல்லா இடத்திலும் அழித்துவிடாதீர்கள். சட்டப் பெயர்களில் அது இருக்கிறது. 1968இல் மினியாப்போலிஸில் தொடங்கிய அமெரிக்க இந்திய இயக்கம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரிலும் இருக்கிறது. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குப் போனால் முதற்குடிகள், இனுயிட், மெட்டி என்று மூன்று தனி வகை. அங்கே "இந்தியர்" என்பது 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் எஞ்சியிருக்கிறது, எதிரே நின்று சொன்னால் புண்படும்.

குறிப்பேடு

அப்படியென்றால் குழுக்கள் ஏன் இன்னும் "சிப்பெவா"வைச் சட்டப் பெயரில் வைத்திருக்கின்றன? மாற்றிக்கொண்டால் 1837 உரிமை போய்விடுமா?

ஒலிக்குறி

போகாது. சொந்தப் பெயருக்கு மாறியவர்கள் நிறைய. பாப்பகோ என்று அழைக்கப்பட்டவர்கள் 1986இல் டோஹோனோ ஓஓதம் தேசம் ஆனார்கள். விஸ்கான்சின் வினபேகோ 1994இல் ஹோ-சங்க் தேசம். நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் புவெப்லோ 2005இல் ஓகே ஓவிங்கே. யாருடைய உடன்படிக்கையும் நிலமும் இதனால் கைவிட்டுப் போகவில்லை. அதே நேரம் நெப்ராஸ்காவில் உள்ள வினபேகோ குழு வினபேகோ என்றே இருக்கிறது. நவஹோ மன்றத்தில் டினே என்று மாற்றும் முன்மொழிவு ஒரு முறைக்கு மேல் வந்து தோற்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "இன்னும் காலனியப் பெயரைச் சுமக்கிறார்கள்" என்று பரிதாபப்பட வேண்டியதில்லை. மாற்றுவதைப் போலவே வைத்துக்கொள்வதும் அவர்கள் முடிவு.

பட்டாதாரர்

உரிமை போகாது, ஆனால் வேலை கூடும். வரிசை இது.

முதலில் அந்தக் குழுவின் அரசியலமைப்பைப் பாருங்கள். 1934ஆம் ஆண்டு மறுசீரமைப்புச் சட்டத்தின் கீழ் எழுதியதாக இருந்தால், பெயர் பொதுவாக முதல் பிரிவிலோ முகவுரையிலோ இருக்கும். அதை மாற்றுவது அரசியலமைப்புத் திருத்தம். திருத்தத்துக்கு ஒன்றிய அரசின் உள்துறைச் செயலர் (பழங்குடி விவகாரங்கள் இவர் பொறுப்பு) நடத்தும் வாக்கெடுப்பு தேவை. கோரிக்கை போனால் 90 நாளுக்குள் தேர்தல் அழைக்க வேண்டும்; முழுப் புதிய அரசியலமைப்பு என்றால் 180 நாள். வாக்களிக்க உரியவர்களில் குறைந்தது 30 விழுக்காடு பேர் வாக்களிக்க வேண்டும், அதில் பெரும்பான்மை வேண்டும். செயலர் 45 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும்.

எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் அந்த 30இல். வழக்கமான குழுத் தேர்தலுக்குப் பதிவு செய்தவர் இந்தத் தேர்தலுக்குத் தனியாகப் பதிய வேண்டும். ஒதுக்குநிலத்துக்கு வெளியே நகரங்களில் இருப்பவர்களின் முகவரி பழையதாக இருந்தால் கடிதமே போய்ச் சேராது. பெயரை ஆதரிப்பவர்களே வாக்களிக்காமல் போய்த் தீர்மானம் செத்துப்போகும்.

இதைத் தவிர்க்க வழி ஒன்று உண்டு. செயலரின் ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவையே ஒருமுறை திருத்தி நீக்கிவிட்டால், அடுத்த திருத்தங்களைக் குழு தானே முடித்துக்கொள்ளலாம். தன் பெயரை மாற்ற இன்னொரு அரசின் முத்திரை தேவைப்படுவதே வேடிக்கைதான்.

பிறகு அரசிதழ். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பழங்குடிகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2024இல் 574 பெயர்கள். பெயர் மாறினால் புதிய பெயரும், பக்கத்தில் "முன்னர் இன்ன பெயரில் பட்டியலிடப்பட்டது" என்ற குறிப்பும் வரும். அந்தக் குறிப்புதான் பாலம். 1837இல் கையெழுத்திட்ட தரப்புக்கும் இன்றைய அரசுக்கும் தொடர்ச்சி உண்டு என்பதற்கு முதல் சான்று அது. திருத்தத்திலேயே, பழைய பெயரில் உள்ள எல்லா உடன்படிக்கை, ஒப்பந்தம், நிலம், கடன், வழக்கு ஆகியவற்றுக்கும் புதிய பெயர் உடையவரே உரியவர் என்று ஒரு வரி சேர்ப்பது நல்ல வரைவு. அறநிலமாக ஒன்றிய அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலத்தின் பத்திரங்கள், வங்கிக் கணக்கு, வரி எண், மானிய ஒப்பந்தம் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக. சின்னக் குழுவுக்கு இது பெரிய செலவு. பலர் முத்திரையில் சிப்பெவாவையும் ஊர்ப் பலகையில் சொந்தப் பெயரையும் வைத்துக்கொண்டு போவதற்குப் பாதிக் காரணம் இந்தக் காகித வேலை.

கல்வெட்டு

இடப்பெயரில் நடைமுறை வேறு, ஆபத்தும் வேறு. இரண்டு எடுத்துக்காட்டு போதும்.

மினியாப்போலிஸில் கல்ஹூன் ஏரி என்று இருந்தது டகோட்டா மொழிப் பெயரான ப்டே மகா ஸ்காவுக்கு 2018இல் திரும்பியது. கல்ஹூன் அடிமைமுறையைத் தாங்கிப் பேசிய அரசியல்வாதி. எதிர்த்தவர்கள் வழக்கில் பிடித்தது ஒரு சின்னக் கொக்கி: 40 ஆண்டுக்கு மேல் வழங்கும் பெயரை மாற்ற முடியாது என்று மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுப் பெயரைக் கவிழ்த்தது. 2020இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்தத் தடை கவுண்டி (மாவட்ட) வாரியங்களுக்குத்தான், இயற்கைவளத் துறை ஆணையருக்கு இல்லை என்று திருப்பியது. யார் கையெழுத்தில் மாற்றுகிறோம் என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

அடுத்தது டெனாலி மலை. அலாஸ்கா மாநிலம் 1975 முதலே அப்படித்தான் அழைக்கிறது. ஒன்றிய அரசு 2015இல் நிர்வாக முடிவால் ஏற்றது. 2025 ஜனவரியில் இன்னொரு நிர்வாக ஆணை மெக்கின்லி என்ற பழைய பெயரைத் திருப்பிவைத்தது. சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பெயர் காங்கிரஸ் சட்டத்தில் இருப்பதால் அது டெனாலியாகவே நிற்கிறது. அதிகாரியின் கையெழுத்தில் வந்தது அடுத்த அதிகாரியின் கையெழுத்தில் போகும்.

குறிப்பேடு

ஹோதெனஷோனி கடவுச்சீட்டு விவகாரத்தை இதில் சேர்க்கலாமா? ஓஜிப்வே கட்டுரை என்பதால் தயக்கம்.

கல்வெட்டு

ஒப்பீட்டுக்கு ஒரு பத்தி போதும். இரோக்வாய் என்று பிறர் அழைத்த ஆறு தேசக் கூட்டமைப்பு. 2010இல் அவர்களுடைய லாக்ரோஸ் அணி சொந்தக் கடவுச்சீட்டில் மான்செஸ்டர் உலகப் போட்டிக்குப் புறப்பட்டது. பிரிட்டன் ஏற்கவில்லை, அமெரிக்கக் கடவுச்சீட்டு வாங்கிப் போக அணி மறுத்தது, ஆட்டம் போனது. 2022இல் அணியின் பெயரிலிருந்தே இரோக்வாயை எடுத்துவிட்டு ஹோதெனஷோனி என்று வைத்தார்கள். இன்னொரு பக்கம், 1794 கனன்டைகுவா உடன்படிக்கையின் 6ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 4,500 டாலர் மதிப்புக்கான துணியை அமெரிக்க அரசு இன்றும் அனுப்புகிறது. விலைவாசியில் தலைக்குக் கிடைப்பது சிறு துண்டுதான். பணமாக வாங்கிக்கொள்ளாமல் துணியாகவே கேட்கிறார்கள், காரணம் எளிது: ஒவ்வோர் ஆண்டும் துணி வந்தால் உடன்படிக்கை நடப்பில் இருக்கிறது என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

வடஏரி

பேட் ரிவரின் குழாய் வழக்கையும் இறையாண்மைப் பகுதியில் வையுங்கள். 1953இல் போட்ட 5ஆம் எண் எண்ணெய்க் குழாய் ஒதுக்குநிலத்தில் சுமார் 19 கிலோமீட்டர் ஓடுகிறது. சில துண்டு நிலங்களில் வழியுரிமை 2013இல் முடிந்தது, 2017இல் குழு புதுப்பிக்க மறுத்தது, 2019இல் வழக்குப் போட்டது. 2023 ஜூனில் கீழமை நீதிமன்றம் அத்துமீறல் என்று கண்டு, 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும், 2026 ஜூன் 16க்குள் அந்தத் துண்டுகளில் ஓட்டத்தை நிறுத்தவும் சொன்னது. இரு தரப்பும் மேல்முறையீடு போயின. கவனிக்க வேண்டியது கால அளவு: உரிமை இல்லை என்று முடிவான பிறகும் மூன்று ஆண்டு எண்ணெய் ஓட அனுமதி. எரிபொருள் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டினார்கள். "இல்லை" என்று சொல்லும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. அந்த இல்லை எப்போது நடப்புக்கு வரும் என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார்.

தூண்டில்காரர்

கட்டுரையில 35 விழுக்காடு, 40இல் 1, மார்ச் 15 இந்த மூணையும் ஒரே பத்தியில போடுங்க. கேள்வி கேக்கறவங்க முதல்ல தேடுறது அதைத்தான். அதோட மில் லாக்ஸை விஸ்கான்சின் கணக்கோட கலக்காதீங்க. அங்க வலையும் உண்டு, அளவு பவுண்டுல.

குறிப்பேடு

சரி. தலைப்பு "ஓஜிப்வே". முதல் வரியில் அனிஷினாபே வட்டமும், ஆவணங்களில் சிப்பெவா என்ற வடிவமும். "சலுகை" எல்லா இடத்திலும் "வைத்துக்கொண்ட உரிமை" ஆகிறது. குழுக்களின் சட்டப் பெயர் வரும் அட்டவணையில் சிப்பெவாவைத் தொடாமல் அப்படியே விடுகிறேன், அடுத்த நிரலில் அவர்கள் மொழிப் பெயர். செயின்ட் க்ராய், மோல் லேக் இரண்டுக்கும் அந்த நிரல் இப்போது காலி. அந்தக் குழுக்களே வெளியிட்ட வடிவம் கிடைத்தால் இங்கே இடுங்கள்; வேறு தளங்களில் உள்ள எழுத்துக்கூட்டல் வேண்டாம்.